வரி இல்லாத ஊருக்குக் குடிபோனோம்

உப்புக் கரித்தது அந்தக் கிணற்றுத் தண்ணீர். முதல் வாயிலேயே துப்பிவிட்டேன்...

அப்பா சிரித்தார். "தண்ணி வரி இல்லாத தண்ணிடி. மூக்கப் பிடிச்சுக்கிட்டுக் குடி."

யுத்த காலம். எனக்கு ஒன்பது வயது இருக்கும். மதுரையில் குழாய்த் தண்ணீர் குடித்து வளர்ந்த வாய். அப்பாவுக்கு அங்கே எண்ணெய்க்கடை, சொந்த வீடு எல்லாம் இருந்தது. இரண்டையும் விற்றுவிட்டு அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு பக்கத்துச் சமஸ்தானத்தில் ஒரு சின்ன ஊருக்கு வந்து கடை போட்டுவிட்டார். ஒரு பகல் மாட்டுவண்டிப் பயண தூரம்தான். ஆனால் அன்றைக்கு அது வேறு ராஜ்யம்... வேறு சட்டம், வேறு வரி.

"வீட்டு வரி, தண்ணி வரி, தொழில் வரி, இப்ப விக்கிறதுக்கும் ஒரு வரியாம். இவங்களுக்குச் சம்பாதிச்சுக் கொட்டவா நான் பொறந்தேன்?" வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதையே சொல்லுவார்.

பொய் சொல்லக் கூடாது, அங்கே எல்லாம் மலிவுதான். வீடு மலிவு, காய்கறி மலிவு, ஆள்கூலி மலிவு. என்ன இல்லை என்பதை மட்டும் அப்பா வாயைத் திறந்து சொல்லமாட்டார். தெருவிளக்கு இல்லை. பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, என் படிப்பு அதோடு நின்றது. ஆஸ்பத்திரியும் இல்லை.

என் அக்கா சொர்ணம் மதுரையிலேயே வாழ்க்கைப்பட்டவள். அந்த வருஷம்தான் முழுகாமல் இருந்தாள். வளைகாப்புக்குப் போனபோது அவள் மாமியார் அப்பாவிடம் தன்மையாகத்தான் சொன்னார்.

"சம்பந்தி, பிள்ள இங்கயே இருக்கட்டுமே. முனிசிபாலிட்டி பிரசவ ஆஸ்பத்திரி தெருமுனையில இருக்கு. நர்ஸம்மா வீட்டுக்கே வந்து பாத்துட்டுப் போறாங்க."

அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். "தலைப்பிரசவத்த மாமியா வீட்டுல பாக்குறதா? பெத்தவன் நான் இன்னும் உயிரோடதான இருக்கேன்?"

அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. யார் கேட்டார்கள் அந்தக் காலத்தில்...

மாதம் நெருங்கியது. அக்காவுக்குக் கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. ஒரு நாள் அப்பாவுக்குச் சோறு போடும்போது அம்மா மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏங்க, மதுரையில ஒரு ரெண்டு மாசத்துக்கு வாடகைக்கு வீடு பிடிப்போம். அதுவும் நம்ம வீடுதான? நம்ம வீட்டுப் பிரசவம்னு ஆயிரும், ஆஸ்பத்திரியும் பக்கத்துல."

எவ்வளவு நல்ல யோசனை! கௌரவமும் போகாது, உயிரும் போகாது.

அப்பா கையை உதறிக்கொண்டு எழுந்தார். "கூறுகெட்டவளே, மதுரையில வீடு வச்சிருக்கேன்னு தெரிஞ்சா வரிக்காரன் சும்மா விடுவானா? நீ இன்னும் இந்த ஊர்க்காரன்தான்னு பிடிச்சுக்குவான். இம்புட்டுப் பாடுபட்டு வந்ததெல்லாம் வீணாப் போகவா?"

அதோடு பேச்சு முடிந்தது.

வலி எடுத்தது ஒரு விடியற்காலை. மருத்துவச்சிக் கிழவி என்னென்னவோ செய்து பார்த்தாள். வெயில் ஏறியதும் வெளியே வந்து, "என்னால ஆகாது சாமி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று கையை விரித்துவிட்டாள். பெட்ரோல் இல்லாத காலம். கரியை எரித்து ஓடும் பஸ் ஒன்று நினைத்தால் வரும், நினைத்தால் வராது. மாட்டுவண்டியில் வைக்கோலைப் பரப்பி அக்காவைப் படுக்க வைத்தார்கள். அவள் தலை என் மடியில்.

எல்லையில் சாவடி. வண்டியை நிறுத்தினார்கள்.

அப்போது சமஸ்தானத்திலிருந்து அரிசி வெளியே போகக் கூடாது என்று கெடுபிடி. அப்பா இறங்கி ஓடிப்போய்க் கும்பிட்டார். "ஐயா, பிள்ளத்தாச்சிங்க... உசுருக்குப் போராடுறாங்க."

"எல்லாரும் இதத்தான்யா சொல்றாங்க. பொம்பளையப் படுக்க வச்சு அடியில மூட்டைய வச்சுக் கடத்துறாங்க. இறக்குங்க."

இறக்கினோம். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றாள்... நின்றாள் என்றா சொல்வது, தொங்கினாள். இரும்புக் கம்பியால் வைக்கோலைக் குத்திக் குத்திப் பார்த்தார்கள். அது அவர்கள் வேலை, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை என்று அம்மா பிற்காலத்தில் சொல்லுவாள். நான் ஒத்துக்கொண்டதே இல்லை.

மதுரை வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அக்கா பிழைத்தாள். ஆண் குழந்தை, உயிர் இல்லை. இனிமேல் பிள்ளை தங்காது என்று லேடி டாக்டர் சொல்லிவிட்டார்.

அத்தான் ஒரு வருஷம் பொறுத்தார். பிறகு இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டார். அக்கா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். அப்பாவும் சமஸ்தானத்தை விட்டு மதுரைக்கே திரும்பி, வாடகை வீடு பிடித்து, எல்லா வரியையும் முணுமுணுக்காமல் கட்டினார். கட்டி என்ன? செத்தவர்களைத் திட்டக் கூடாது என்பார்கள். எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான், திட்டத்தான் செய்வேன்.

இப்போதும் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் எங்கே டாக்ஸ் கம்மி, எங்கே செலவு கம்மி என்று ஸ்டேட் விட்டு ஸ்டேட் போகிறார்கள். போன் பண்ணும்போது சந்தோஷமாகச் சொல்கிறார்கள். போகட்டும், நல்லா இருக்கட்டும்... ஆஸ்பத்திரி எம்புட்டுத் தூரம் என்று மட்டும் ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்ளச் சொல்லுவேன்.

யுத்தம் முடிந்து கொஞ்ச வருஷத்தில் அந்தச் சமஸ்தானமே இல்லாமல் போனது. இங்கே என்ன வரியோ அதே வரி அங்கேயும் வந்தது. சாவடியை இடித்துவிட்டார்கள். இன்றைக்கு ஏசி பஸ்ஸில் பாட்டுக் கேட்டுக்கொண்டே தாண்டிப் போகிறோம், எல்லை எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

அக்காவுக்குத் தெரியும். அவள் காலமாவதற்குச் சில வருஷம் முன்னால் ஒரு கல்யாணத்துக்கு அந்த வழியாகத்தான் போனோம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் திடீரென்று என் கையைப் பிடித்தாள். அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அதைப் பற்றி வாயைத் திறந்தாள்.

"இங்கதான்டி வண்டிய நிப்பாட்டுனாங்க... அப்ப வரைக்கும் பிள்ள அசைஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு."