இடது காது

செந்தாமரைக்கு நாற்பத்தாறு வயது. ஒரத்தநாட்டில் ஒரு விதைக்கடையில் பில் போடுகிறாள். நான் குடியிருக்கும் வீட்டின் பின்பக்கத்து அறையில் தனியாக இருக்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பத்தொன்பது வருடமாக வியாழக்கிழமை மத்தியானம் ரெத்தினம் வந்து போவார். பக்கத்துக் கிராமத்தில் விவசாயம்; மனைவி, இரண்டு மகன்கள். அவருடைய எண்ணைப் போனில் ‘கேஸ் சிலிண்டர்’ என்று போட்டு வைத்திருந்தாள்.

சம்பா அறுவடைக்கு முன்னால் ஒரு வியாழன் அவர் வரவில்லை. அடுத்த வியாழனும் இல்லை. இவளாகக் கூப்பிடக் கூடாது என்பது ஏற்பாடு. உளுந்து விதை வாங்க வந்த யாரோதான் சொன்னார்கள்: பக்கவாதம், பேச்சு போய்விட்டது. பில்லை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தாளாம்.

நான் நோயாளிகளை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்றவள். அந்த வீட்டில் ஆள் தேடுகிறார்கள் என்று என்னை அனுப்பி வைத்தவளே இவள்தான். பத்து நாள் தினமும் சேதி கேட்டாள். பிறகு, “ஒரே ஒரு நாள் நான் போறேங்க்கா” என்றாள்.

“பீ மூத்திரம் அள்ளணும்டி.”

“அள்ளுறேன்.”

“வாயைத் திறக்கப்படாது.”

எனக்கு முழங்கால் வலி, இவள் என் பதில் ஆள் என்று சொல்லிக் கூட்டிப் போனேன். புத்தி கெட்ட வேலை.

ரெத்தினத்துக்கு வலது காது கேட்காது. எனக்கு அது தெரியவே மூன்று நாள் ஆயிற்று. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் வலப்பக்கம் நின்று கத்திவிட்டுப் போவார்கள். செந்தாமரை நேராகக் கட்டிலைச் சுற்றிப் போனாள். இடது காதருகே குனிந்து, “கொஞ்சம் திரும்பிக்கங்க” என்றாள், மெதுவாக. அவர் திரும்பினார்.

மனைவி அம்சம் வாசற்படியில் நின்றிருந்தாள்.

“வியாழக்கிழமை நீதானா?”

செந்தாமரை ஈரத்துணியோடு அப்படியே நின்றாள்.

“தொடை. ஏன் நிறுத்துற? உசுரு இருக்கிற வரைக்கும் நீயே அள்ளு, எனக்கும் இடுப்பு விட்டுப்போச்சு. போனதுக்கப்புறம் இந்த வாசல்ல உன்னைப் பார்க்கக் கூடாது.” பிறகு என்னிடம், “நாளையிலேர்ந்து நீங்க வர வேணாம்மா. இவ போதும்.”

சித்திக்கு உடம்பு சரியில்லை என்று கடையில் லீவு சொன்னாள். பதினாறு நாள் பார்த்தாள். அவர் முதுகில் ஒரு புண் வரவில்லை. அது சாதாரண விஷயமில்லை. பதினேழாம் நாள் காலை மூச்சு மாறியது. “பையை எடுத்துக்கிட்டுக் கொல்லைப்பக்கமாப் போ, சனம் வரப்போவுது” என்றாள் அம்சம். பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது ஒப்பாரி கேட்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்து குழாயடியில் உட்கார்ந்தாள். “அக்கா, நான் தலைக்குக் குளிக்கணுமா?”

“பொணத்தைத் தொட்டியா?”

“இல்லக்கா. உசுரோட இருந்தப்பதான்.”

நான் போய் மோட்டாரைப் போட்டேன்.

மறுநாள் கடைக்குப் போனாள். சித்திக்கு எப்படி இருக்கிறது என்று முதலாளி கேட்டாராம். செத்துப்போனதாகச் சொன்னால் எந்த ஊர், எப்போது எடுத்தார்கள் என்று கேட்பார்கள்.

“தேறிட்டாங்க” என்று சொல்லிவிட்டு பில் புத்தகத்தை எடுத்திருக்கிறாள்.