பத்து நாற்பது பேருந்தும் தக்காளி இலையின் துளைகளும்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிறவர்கள் கோயிலுக்குப் போவார்கள், இல்லையென்றால் பிச்சாவரத்துக்குப் போவார்கள். நான் போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, புவனகிரிக்குப் பக்கத்தில் ஒரு தக்காளித் தோட்டத்துக்குப் போனேன். தனியாகத்தான். மகள் பெங்களூரு போனதிலிருந்து எல்லாப் பயணமும் தனியாகத்தான்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் தாவரவியல் ஆசிரியர். பள்ளி ஆய்வகத்தின் அலமாரியைச் சுத்தம் செய்தபோது சேகர் இலை அச்சு ஒட்டி வைத்த கண்ணாடித் தகடுகள் கிடைத்தன. ஒன்றின் மேல் அவன் கையெழுத்தில் ‘1 மணி’ என்று இருந்தது. சேகர் என்னோடு வேலை பார்த்தவன், பதினோரு வருடம் என்னை மச்சான் என்று கூப்பிட்டவன். அந்தத் தகட்டால்தான் மூன்று வருடத்துக்கு முன் எங்கள் பேச்சு நின்றது. நான் சொன்னதுதான் சரி என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று கிளம்பினேன். புத்தி அப்படி!

காலை 5.45க்குக் கடலூரில் பேருந்து, 38 ரூபாய். 7.05க்குச் சிதம்பரம். நிலையத்துக்கு எதிரே மூன்று இட்லி, ஒரு காபி, 50 ரூபாய். எதிர் நாற்காலியில் என் பையை வைத்துக்கொண்டேன். 7.40க்கு நகரப் பேருந்து, எட்டு கிலோமீட்டரில் புவனகிரி. அங்கிருந்து தோட்டத்துக்கு மூன்று கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 70 ரூபாய்.

இனி கொஞ்சம் பாடம், கோபிக்காதீர்கள். இலையின் அடிப்புறம் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. செடிக்குக் காற்று போய்வருவது அவற்றின் வழியாக. நோய்க் கிருமி நுழைவதும் அதே வழிதான். துளைக்கு இரண்டு பக்கமும் இரண்டு காவல் செல்கள். கிருமி வந்திருப்பது தெரிந்தால் அவை துளையைச் சாத்திவிடும். இதைப் பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். இலையில் நிறமில்லாத நெயில் பாலிஷைத் தடவி, காய்ந்ததும் செல்லோடேப்பால் உரித்துக் கண்ணாடியில் ஒட்டினால் துளைகள் அச்சாக வந்துவிடும். ஒரு பாக்கெட் மைக்ராஸ்கோப் போதும்.

மூன்று வருடத்துக்கு முன் நானும் சேகரும் இதே சோதனைக்கு இங்கே வந்திருந்தோம்; தோட்டக்காரர் அமுதா என்னை அடையாளம் கண்டுகொண்டார். நோய் வந்த ஒரு செடியைக் காட்டி, “இத எப்படியும் புடுங்கப்போறேன் சார், என்ன வேணா பண்ணிக்கிங்க” என்றார். புள்ளி விழுந்த இலையை நீரில் கசக்கி, ஒன்பது மணிக்கு அதே செடியின் நல்ல இலைகளில் தடவினேன். சில இலைகளில் வெறும் தண்ணீர். பத்து மணிக்கு அச்செடுத்தேன். தண்ணீர் தடவியதில் துளைகள் திறந்திருந்தன. கிருமி தடவியதில் பெரும்பாலும் மூடியிருந்தன. “பாத்தியாடா!” என்று வாய்விட்டே சொன்னேன். கேட்க ஒரு ஆள் இல்லை.

பையைக் கட்டிக்கொண்டு 10.40 மினி பஸ்ஸுக்கு ஓடினேன். வரப்பில் செருப்பு அறுந்தது. சாலைக்கு வந்தபோது பஸ்ஸின் பின்பக்கம்தான் தெரிந்தது. அடுத்தது 2.15க்கு. ஆட்டோ எதுவும் வரவில்லை. திரும்பித் தோட்டத்துக்கே போனேன்.

“இன்னொரு சாரு வரலையா?” என்றார் அமுதா.

“இல்லம்மா.”

“நீங்க அன்னைக்கும் பஸ்ஸுக்கு ஓடிட்டீங்க. அவுரு மத்தியானம் வரைக்கும் இங்கயேதான் ஒக்காந்திருந்தாரு. எங்க வூட்டுக் கூழுதான் குடிச்சாரு. மணி பாத்து மணி பாத்து எல எடுத்தாரு.”

அன்று டியூஷன் இருந்ததால் நான் பத்து நாற்பதுக்கே போய்விட்டேன். திங்கட்கிழமை சேகர், “ஒரு மணிக்கு மறுபடி தொறந்துடுச்சு மச்சான்” என்று தகட்டை நீட்டினான். மூடியதை நானே பார்த்தவனாயிற்றே! எல்லா ஆசிரியர்களும் மாணவர்களும் இருக்கும்போது, “பாக்காமலே எழுதிட்டு பசங்ககிட்ட பொய் சொல்லாத” என்றேன். அவன் தகட்டை ஆய்வக அலமாரியில் வைத்துவிட்டுப் போனான். அந்த மாதமே வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனான்.

இந்தத் தடவை உட்கார்ந்திருந்து, கிருமி தடவிய இலையில் ஒரு மணிக்கு அச்செடுத்தேன். துளைகள் திறந்திருந்தன. வேறு மூன்று இலைகளில் எடுத்தேன், அவற்றிலும் திறந்துதான் இருந்தன. சில கிருமிகள் சும்மா இருப்பதில்லை. மூடிய துளையை நேரம் பார்த்துத் திறக்க வைத்துவிடுகின்றன. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு ஆத்திரமும் இருந்தது, அவசரமும் இருந்தது.

வாய்க்கால் ஓரம் நின்று சேகருக்குப் போன் போட்டேன். எடுத்தான்.

“தொறந்துடுச்சுடா.”

“ஒரு மணிக்கா?”

“ஒரு மணிக்குத்தான். நான் சொன்னது தப்பு. மன்னிச்சுக்கடா.”

“பரவால்ல” என்றான். பிறகு மெதுவாகக் கேட்டான்: “பஸ்ஸ விட்டுட்டீங்களா சார்?”

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது? விடாமல் பிடித்திருந்தால் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீடு போயிருப்பேன். பதினோரு வருடத்தில் அவன் என்னை ஒருநாளும் சார் என்று கூப்பிட்டதில்லை.

போக நினைப்பவர்களுக்கு: நிழல் குறைவு, தொப்பியும் தண்ணீரும் அவசியம். நெயில் பாலிஷ் நிறமில்லாததாக இருக்கட்டும். தோட்டக்காரரைக் கேட்காமல் எந்தச் செடியிலும் கிருமி தடவாதீர்கள். மொத்தச் செலவு முந்நூறு ரூபாய்க்குள். பத்து நாற்பது பேருந்தில் ஏறாதீர்கள். முடிந்தால் கூட ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் உட்கார்ந்தால் நீங்களும் உட்காருங்கள்.