மீராசா கழுவிய மண்

கடல் இருநூறு கெஜத் தூரத்தில் கிடக்க, வீட்டு முற்றத்தில் நீச்சல் குளம் கட்டிய மனிதர் கல்முனைக்குடியில் ஒருவர்தான். அவர் என் மச்சான் கச்சிமுகம்மது. கல்முனை பஸாரில் புடவைக்கடை வைத்திருந்தார். கொழும்பில் யாரோ ஒரு முதலாளி வீட்டில் பார்த்துவிட்டு வந்து 2003இல் கட்டினார். ஊர் சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன். மூன்றாம் மாதம் தண்ணீர் பச்சையாகித் தவளை கத்தத் தொடங்கியதும் சிரிப்பு இன்னும் கூடிற்று. அப்போதுதான் மீராசாவைத் தேடிப் பிடித்தார்கள்.

மீராசா கத்தாரில் ஒன்பது வருடம் இருந்தவர். அங்கே அரபிகளின் வீட்டுக் குளங்களுக்கு வடிகட்டி பார்ப்பதுதான் வேலை. அதைவிட வேறு தொழில் அவருக்குத் தெரியாது. பிள்ளைகள் இல்லை. மனைவி நாச்சியா தனியாக இருந்து சலித்துப்போய், உழைத்தது போதும் வாருங்கள் என்று கடிதம் எழுதியதால் திரும்பி வந்தவர். தெரிந்த தொழிலுக்கு ஊரில் ஒரே ஒரு குளம்தான் இருந்தது, அதுவும் என் மச்சானுடையது.

அந்த வடிகட்டி ஆள் இடுப்பளவு உயரமான ஒரு பிளாஸ்டிக் தாங்கி. உள்ளே முக்கால்வாசி மணல். மேலால் இறங்கும் தண்ணீர் மணலுக்குள் அழுக்கை விட்டுவிட்டுக் கீழால் தெளிந்து வெளியேறும். மணல் அடைத்துக்கொண்டால் அழுத்தமானியின் முள் ஏறும். முள் ஏறியதும் மோட்டரை நிறுத்தி, மேலே இருக்கிற வால்வைத் திருப்பித் தண்ணீரைத் தலைகீழாக ஓட விட்டு மணலைக் கழுவ வேண்டும். சொல்வதற்கு இவ்வளவுதான். மீராசாவோ முள்ளைப் பார்க்காமலே, மோட்டர் இரைகிற விதத்தில் மணல் அடைத்துவிட்டதென்று சொல்லுவார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்துத் தண்ணீர் பிடித்து, இரண்டு சொட்டு மருந்து விடுவார். தண்ணீர் மஞ்சளானால் குளோரின் நிற்கிறது. மஞ்சளாகாவிட்டால் அன்றைக்கு மச்சானின் பிள்ளைகள் குளத்தில் இறங்க முடியாது. முதலாளியின் பிள்ளைகள் அழுது புரண்டாலும் மனிதர் அசையமாட்டார்.

2004 மார்கழியில் கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அவர் வடிகட்டியடியில்தான் நின்றார். மோட்டர் அறையின் கொங்கிறீற்றுக் கூரையில் ஏறித் தப்பினார். மச்சான் குடும்பம் கல்யாண வீடொன்றுக்காக சம்மாந்துறை போயிருந்தது. நாச்சியா கடற்கரைப் பக்கத்துச் சொந்த வீட்டில் இருந்தாள். வீடு இருந்த இடத்தில் அத்திவாரம்கூட மிஞ்சவில்லை. அவளுடைய மய்யித்தும் கிடைக்கவில்லை.

பெரிய றோட்டுக்கு மேற்கே, நான் விஞ்ஞானம் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார்கள். நானூறு சனம். ஒரே ஒரு கிணறு. கடல் போய் ஐந்தாம் நாள் மழையும் சேர்ந்துகொண்டது. வயல்பக்கத்து வெள்ளம் மலசலகூடக் குழியை நிரப்பிக்கொண்டு வந்து கிணற்றுக்குள் இறங்கிற்று. தண்ணீர் கொண்டு வந்த பவுசர் லொறி வெள்ளத்தால் வராமல் நின்றுவிட்டது. விறகெல்லாம் நனைந்து, கொதிக்க வைக்கவும் வழியில்லை. பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. முகாமிலிருந்த லைலா என்ற பெண்ணின் மகள் றுஸ்தாவுக்கும் தொடங்கியது. லைலாவின் புருசனையும் இரண்டு ஆண்பிள்ளைகளையும் கடல் கொண்டுபோய்விட்டது. அவளுக்கு மிஞ்சியிருந்தது அந்த நாலு வயதுப் பிள்ளை ஒன்றுதான்.

நான் முகாமுக்குக் கொடுத்திருந்த குளோரின் தூளை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். ஆறு நாளாக ஒருவரோடும் கதைக்காமல் சுவரில் சாய்ந்திருந்த மீராசா எழுந்து வந்தார்.

"சேர், கலங்கல் தண்ணிக்குள்ள குளோரினப் போட்டு பிரயோசனமில்ல. அது சேத்தோடயே மல்லுக்கட்டிப் போட்டு முடிஞ்சிரும். முதல்ல கலங்கல எடுக்கணும்."

"எதால எடுக்கிற காக்கா?" என்றேன். வயதில் மூத்தவரை எங்கள் ஊரில் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

"ஒங்கட மச்சான்ட குளத்து வடிகட்டி சேத்துக்குள்ள சரிஞ்சி கிடக்கு. தாங்கி வெடிக்கல்ல. கூரையால இறங்கி வரக்குள்ள பாத்தன்."

நாலு பேர் போய்த் தூக்கி வந்தோம். உள்ளேயிருந்த மணல் டீசலும் மலமுமாக நாறியது. அதைக் கொட்டிவிட்டோம். புது மணல் வேண்டும், மாவு மாதிரியும் இல்லாமல் குறுணிக் கல்லாகவும் இல்லாமல், நடுத்தர மணல். ஆற்று மணல் மேற்கேயிருந்து உழவு மெஷினில் வரவேண்டும். சம்மாந்துறை றோட்டில் இடுப்பளவு வெள்ளம். மீராசா யூரியாப் பைகளை எடுத்துக்கொண்டு கிழக்கே கடலைப் பார்த்து நடந்தார். நானும் பின்னால் போனேன்.

அந்த நாட்களில் எங்கள் ஊரில் யாரும் மீன் தின்னவில்லை. மய்யித்துகளைத் தின்ற மீன் என்று சொன்னார்கள். மீன் தின்று வளர்ந்த ஊர், வெறும் பருப்போடு சோறு தின்றது. கடற்கரையில் இன்னமும் ஆட்கள் கம்பு குத்தித் தோண்டித் தேடிக்கொண்டிருந்தார்கள். கிடைத்தவர்களை அங்கங்கேயே அடக்கியும் இருந்தார்கள். அந்தக் கரையின் மேட்டுப் பக்கத்தில், ஒருவரும் தோண்டாத இடமாகப் பார்த்து, மீராசா ஒரு முழம் ஆழத்துக்குக் கீழே மணல் எடுத்தார். எடுக்கும்போது அழுதார். நான் பார்க்காதது போல வேறு பக்கம் திரும்பி நின்றேன்.

அரிதட்டுச் சல்லடை ஒன்றில் சிப்பியையும் குறுணியையும் அரித்து நீக்கினார். பிறகு கழுவத் தொடங்கினார். பதினான்கு தரம் கழுவினார். ஒவ்வொரு தரமும் கழுவிய தண்ணீரைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். உப்புப் போய்விட்டதா என்று நாக்கில் வைத்தும் பார்த்தார். கரண்ட் இல்லாததால் வயலுக்கு இறைக்கிற எண்ணெய்ப் பம்பைப் பூட்டி, வேகத்தை நன்றாகக் குறைத்து ஓட விட்டார். பின்னேரம், அந்த நாறல் கிணற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்தது. குளோரின் கலந்து அரை மணித்தியாலம் வைத்துக் குப்பியில் சொட்டு விட்டார். மஞ்சள். ஆறு நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது.

பெண்கள் குடங்களோடு வரிசையில் நின்றார்கள். முதல் ஆளாக லைலா, றுஸ்தா அவளுடைய தோளில் கிடந்தாள்.

"காக்கா, இந்த மண் எங்கால எடுத்த?"

"கடக்கரயில."

அவர் யோசிக்கவே இல்லை. கேட்டாள், சொன்னார். தண்ணீரைப் பற்றி எந்த முதலாளிக்கும் பொய் சொல்லிப் பழகாத நாக்கு.

வரிசையில் பின்னால் நின்ற முனவ்வறா என்ற பெண் குடத்தை நிலத்தில் போட்டாள். "யா அல்லாஹ்! மய்யித்துக் கிடக்கிற மண்ணால வடிச்ச தண்ணியா? எங்கட புள்ளையள அதுக்குள்ளதானே தோண்டித் தோண்டித் தேடுறம்!"

"பதினாலு தரம் கழுவின மண் புள்ள" என்றார் மீராசா. "என்ட நாச்சியாவும் அதுக்குள்ளதான். அவள நினைச்சி நினைச்சித்தான் கழுவின. இந்தா, நானே குடிக்கிறன், பாருங்க."

குடித்தார். ஒரு கோப்பை முழுவதையும் குடித்துக் கவிழ்த்துக் காட்டினார். ஒருவரும் அசையவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான்தான் அங்கே படித்த மனிதன். வடிகட்டல் என்ற பாடத்தை வருசா வருசம் எட்டாம் வகுப்புக்குப் படம் கீறிப் படிப்பித்தவன். என் கையிலும் ஒரு கோப்பை இருந்தது. வாய்வரை கொண்டுபோனேன். கடற்கரையில் அன்று காலை கண்ட ஒரு கை என் கண்ணுக்குள் வந்தது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

வரிசை கலைந்தது. சனம் பழையபடி கிணற்றில் அள்ளிப் போனது. லைலாவும் அள்ளினாள். மீராசா அவளுக்குப் பின்னால் ஓடி, "அதக் குடுக்காத புள்ள, அது நஞ்சு" என்று கெஞ்சினார். அவள் அவருடைய முகத்தைப் பார்க்காமல் போனாள்.

இரண்டாம் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு றுஸ்தா மௌத்தானாள். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியில் லைலாவின் மடியிலேயே போய்விட்டாள். மறுநாள் காலை வெள்ளம் வடிந்து, ஆற்று மணல் உழவு மெஷினில் வந்து இறங்கியது. மீராசா தாங்கியை வெறுமையாக்கி அந்த மணலைப் போட்டார். அதே கிணறு, அதே தாங்கி, அதே குளோரின். சனம் வரிசையில் நின்று வாங்கிக் குடித்தது. நானும் குடித்தேன்.

பிறகு ஊரில் மீராசாவைப் பற்றிப் பெருமையாகக் கதைத்தார்கள். "அந்த நேரத்திலும் பொய் சொல்லாத மனிசன்" என்று பள்ளிவாசல் வாசலில் வைத்துச் சொன்னார்கள். யாராவது அப்படித் தொடங்கினால் மீராசா செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

மச்சான் றோட்டுக்கு மேற்கே புது வீடு கட்டினார். அதிலும் ஒரு குளம் கட்டினார், மீராசா அந்தப் பக்கம் போகவில்லை. சில மனிதருக்குக் கடல் வந்து சொன்னாலும் புத்தி ஏறாது. 2009 வைகாசியில், சண்டை முடிந்துவிட்டது என்று பஸாரில் பட்டாசு வெடித்த கிழமை, அவருடைய பிள்ளைகள் மோட்டர் ஓட ஓட வால்வைத் திருப்பி உள்ளேயிருந்த றப்பரைக் கிழித்துவிட்டார்கள். குளம் கலங்கிப்போய்க் கிடந்தது. மீராசாவை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வால்வைக் கழற்றி, கிழிந்த றப்பரைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து தேத்தண்ணி கொண்டு வந்தது லைலா. அந்த வீட்டில் சமையலுக்கு அவள் சேர்ந்து இரண்டு மாதம் என்று எனக்குத் தெரியாது. மீராசாவுக்கும் தெரியாது. கோப்பைகளை வைத்துவிட்டு, போகாமல் நின்றாள். வெளியே இன்னும் வெடி கேட்டது.

"காக்கா, ஒண்டு கேக்கணுமெண்டு கனகாலம். நான் கேட்ட நேரம், ஆத்து மண்ணெண்டு சொன்னா என்ன?"

மீராசா றப்பர்த் துண்டைக் கீழே வைத்தார்.

"ஒரு பொய்தானே காக்கா. ஊரே ஒங்களப் புகழுது. என்ட புள்ளைக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாமே."

"எனக்கு அப்ப அது வாயில வரல்ல புள்ள" என்றார் மீராசா. "அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் வருது."

அவள் தலையாட்டினாள். கோபப்படவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சேர், அந்தத் தண்ணி நல்லதெண்டு ஒங்களுக்குத் தெரியுமா?"

"ஓம்" என்றேன்.

"அப்ப ஏன் நீங்க குடிக்கல்ல?"