இடம் காலி

பேயை நம்பச் சொல்லவில்லை. பெட்டியை நம்பினால் போதும். அது இன்றும் திண்டிவனத்தில் வாடகைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. நடந்ததும் இருட்டில் அல்ல. பட்டப்பகலில், ஒரு வகுப்பே பார்த்துக்கொண்டிருக்கும்போது.

பிரபாவதி தினமும் விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் திண்டிவனம் வருவாள். அங்கே ஒரு தனியார் கல்லூரியில் நவீனக் கலை பற்றிப் பாடம் எடுக்கிற தற்காலிக ஆசிரியை. பல வருடமாகத் தற்காலிகம். வரும்போது பாதி வழி நிற்க வேண்டும். போகும்போது முழு வழியும். மூன்று பேர் உட்காரும் சீட்டில் நான்காவதாக இடம் கிடைத்தால் அது நல்ல நாள்.

போன மாதம், ஒரு கலைஞன் சிறுநீர்க் கோப்பையைக் கலைப் பொருள் என்று கண்காட்சிக்கு அனுப்பியதைச் சொல்லிப் படமும் காட்டியிருந்தாள். இதெல்லாம் ஒரு படிப்பா என்று ஒரு பெற்றோர் போன் செய்துவிட்டார். இன்னொரு புகார் வந்தால் அடுத்த வருடம் வர வேண்டாம் என்று முதல்வர் அரங்கநாதன் சொல்லிவிட்டார். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

இந்த நேரத்தில்தான் அவள் மாணவன் சகாயராஜ் வகுப்புக்கு ஃப்ரீசர் பெட்டியைக் கொண்டுவந்தான்.

வீட்டில் புழங்கும் ஒரு பொருளைக் கலைப் பொருளாக வைத்துக் காட்டுங்கள் என்று அவள்தான் சொல்லியிருந்தாள். அவன் அப்பா மாசிலாமணி சாவு வீடுகளுக்குப் பந்தலும் பெட்டியும் வாடகைக்கு விடுகிறவர். அவன் வீட்டில் புழங்கியது அதுதான். பிணம் கெடாமல் வைக்கும் நீளப் பெட்டி. மேலே கண்ணாடி மூடி. அதன்மேல் ஓர் அட்டை: 'இடம் காலி.'

ஏசி ரூம், ஹவுஸ் ஓனர் தொல்லை கிடையாது, நானே குடி வந்துவிடுகிறேன் என்றான் தென்னரசு. சிலர் சிரித்தார்கள். ஆர்த்தி சிரிக்கவில்லை. அதிர்ச்சி கொடுத்தால்தான் கலையா, இந்தப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து அழுதவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று கேட்டாள். நல்ல கேள்வி. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"எங்கப்பாவுக்குப் போன் பண்றேன் மேடம். தீட்டுப் பொருளக் கிளாஸ்ல வெச்சிக்கினு பாடம் நடத்துறீங்க."

சகாயராஜ் அவளைப் பார்த்தான்.

"எங்க வீட்ல இது தெனம் இருக்குது. அப்ப நாங்க?"

பிரபாவதிக்கு வேலையும் வேண்டும். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு பெட்டியை வெளியே எடு என்று சொல்லவும் முடியவில்லை. செருப்பைக் கழற்றினாள்.

"நான் படுக்கிறேன் ஆர்த்தி. எனக்கு ஒண்ணும் ஆவலன்னா போன் பண்ண மாட்டதானே?"

ஆர்த்தி யோசித்துத் தலையாட்டினாள்.

மணி இரண்டு நாற்பது. மின்சாரம் கொடுக்கவில்லை. பிளக் தரையில் கிடந்தது. ஒரே ஒரு நிமிடம் என்று பேச்சு. மூடியை மூடினார்கள்.

உள்ளே குளிர்ந்தது.

கரண்ட் இல்லாமல் எப்படி... என்று தோன்றியது. அதற்குமேல் யோசிக்க அலுப்பாக இருந்தது. முதுகை நீட்டிப் படுத்து எத்தனை நாள் ஆயிற்று. சத்தம் இல்லை. யாரும் கூப்பிடவில்லை. கண் செருகியது.

"கொஞ்சம் நவுந்துக்கம்மா."

காதருகே. பெண் குரல். அதுவும் களைத்த குரல்தான்.

தினமும் பஸ்ஸில் கேட்கிற பேச்சு. தூக்கக் கலக்கத்தில் நகர்ந்தாள். இடது பக்கம், ஓரத்தை ஒட்டி.

பிறகுதான் கண் திறந்தது.

பக்கத்தில் யாரும் இல்லை.

ஆனால் வலது தோளில் ஒரு தோள்... உரசிக்கொண்டு... சில்லென்று.

கத்தப் பார்த்தாள்.

குரல் வரவில்லை.

தடால்.

ஆர்த்திதான் மூடியைத் தூக்கியிருந்தாள். கையைப் பிடித்து அவளை வெளியே இழுத்தாள். தென்னரசு சுவரோடு ஒட்டி நின்றான். ஆர்த்தி மூடியின் உட்புறத்தைக் காட்டினாள். கண்ணாடியில் மூச்சுப் பட்ட ஈரம். பிரபாவதியின் முகம் இருந்த இடத்துக்கு மேலே ஒன்று. அதன் பக்கத்தில் இன்னொன்று.

முதலாவது மெல்ல மறைந்தது.

இரண்டாவது மறையவில்லை. பெரிதானது... சுருங்கியது... பெரிதானது...

ஆர்த்தி போன் செய்யவில்லை. கேட்டவர்களிடம், மேடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்றே சொன்னாள். வேலை தப்பியது.

சாயங்காலம் மாசிலாமணி மினி வேனோடு வந்தார். பெட்டியை ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். சகாயராஜ் தள்ளிப் போனதும், இதில் எப்போதாவது ஏதாவது நடந்திருக்கிறதா என்று பிரபாவதி மெதுவாகக் கேட்டாள். அவர் கை நின்றது.

"பையனுக்குத் தெரியாது மேடம். நாங்க நடுவுலதான் படுக்க வெப்போம். வெடிகாலையில போய்ப் பாத்தா இடப்பக்கமா ஒதுங்கிக் கெடப்பாங்க. சொந்தக்காரங்க அழுது ஓஞ்சி கண்ணு அசந்திருக்கற நேரம். ஜல்தியா நடுவுல நவுத்தி வுட்டுருவேன்."

யார் அப்படிக் கிடந்தது என்று கேட்டாள்.

"யாருன்னு இல்ல மேடம். இந்தப் பெட்டி வாங்குனதுலேர்ந்து, எல்லாருமே."