கண்டக்குழியில் எங்கள் விமானக் கம்பனி

கண்டக்குழியில் ஒரு விமானக் கம்பனி இருந்தது. தென்மேற்குக் கச்சான் காற்று தொடங்கும்போது பிறந்து, அது ஓய்வதற்குள் மூடப்பட்டது.

மொத்தம் மூன்று பேர். முதலாளி என் நானா, என் அண்ணன். அதுவரை ஃபைபர் வள்ளம் கட்டி வந்தவர். பொறியியலாளர் அவருடைய கூட்டாளி. கட்டார் விமான நிலையத்தில் எட்டு வருடம் பயணப்பெட்டி ஏற்றியவர். விமானத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று ஊரில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்பது நானாவின் வாதம். உண்மையில் அவருக்குத் தெரிந்தது பெட்டிகள் இருக்கும் இடம் மட்டும். மூன்றாவது ஆள் நான். வீட்டில் தையல் மெசின் இருந்ததால் இறக்கை என் பொறுப்பாயிற்று.

ஊரை ஒட்டிய கடல்நீர்க் களப்பில் வெள்ளைக்காரர்கள் பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்கு மேலே எழும்பிப் பாய்வார்கள். அதைப் பார்த்துத்தான் நானாவுக்கு இந்த எண்ணம் வந்தது. ஒரு துணி ஆளைத் தூக்குமென்றால் நாலு துணி வள்ளத்தைத் தூக்காதா என்றார். அவர்கள் தங்கும் லொட்ஜ்களில் கழித்த கிழிந்த பட்டங்களை அள்ளி வந்தார். சல்வார் தைத்த கையால் நான் இறக்கை தைத்தேன். அளவு கேட்டால் பொறியியலாளர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவார். மறுநாள் கேட்டால் கொஞ்சம் கூடுதலாக விரிப்பார்.

சின்ன வள்ளம், மேலே அலுமினியக் குழாயில் இறக்கை, பின்னால் எஞ்சினும் காற்றாடியும். கட்டி முடியும் முன்பே ஒரு வாடிக்கையாளர் வந்துவிட்டார். எலுவன்குளத்து விவசாயி. வயலில் இறங்கும் யானைகளை மேலேயிருந்து விரட்டலாம் என்று யாரோ சொன்னதை நம்பி மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நானா, இதுக்கு றிவர்ஸ் இரிக்குதா?"

நானா பொறியியலாளரைப் பார்த்தார்.

"அடுத்த மொடல்ல வரும்," என்றார் அவர்.

கட்டி முடிந்த அன்று பின்னேரம், அஸர் தொழுகை முடிந்து நானா பிஸ்மி சொல்லி ஏறினார். களப்பில் ஓடிய வள்ளம் திடீரென்று தண்ணீரை விட்டு எழும்பியது. தென்னை உயரம்கூட இல்லை. ஆனாலும் அடியில் வெளிச்சம் தெரிந்தது. நான் பார்த்தது நானாவை அல்ல, என் தையலை. ஒரு இழைகூடப் பிரியவில்லை. திருப்புகிற கயிறுதான் வேலை செய்யவில்லை. நேராகவே போன நானா பயந்து எஞ்சினை நிறுத்தி, தொப்பென்று இறங்கி, நேவிப் படகொன்றின் பக்கத்தில் மிதந்தார்.

இது என்ன என்று நேவி அதிகாரி சிங்களத்தில் கேட்டார். வள்ளம் என்றார் நானா. மேலே இருப்பது? பாய் என்றார். அதிகாரி சிரிக்காமல் எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் கடற்றொழில் கந்தோரிலிருந்து ஒருவர் படிவத்தோடு வந்து, என்ன வலை, என்ன மீன் என்று கேட்கத் தொடங்கினார். இறாலா, சூடையா என்ற இடத்தில் நானாவுக்குப் பொய் சொல்லி மாளவில்லை. உண்மையை ஒப்புக்கொண்டார்.

பிறகு கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. அனுமதியில்லாமல் இனிப் பறந்தால் வழக்கு என்றிருந்தது. நானா அதை மூன்று தரம் என்னை வாசிக்க வைத்தார்.

"விமானமெண்டா போட்டிரிக்கிறாங்க?"

"ஓம் நானா. விமானமெண்டுதான்."

"அப்ப சரி," என்றார். அன்றே கம்பனியை மூடினார்.

எலுவன்குளத்துக்காரர் எஞ்சினையும் காற்றாடியையும் மட்டும் கேட்டு எடுத்துப்போய், வயல் வரம்பில் நட்டு ஓடவிட்டாராம். ஒரு வாரம் யானைகள் அந்தப் பக்கமே வரவில்லை. பிறகு வந்தன. நெல்லைத் தின்றுவிட்டு, வரிசையாக வந்து காற்றாடிக்கு முன்னால் காது விரித்து நின்று, காற்று வாங்கிக்கொண்டு போயினவாம்.