தேசிக்காய்க்கு விழுந்த பூச்சியம்

பிரெஞ்சு பேசும் செயின்ட்-மிஷேலில் எங்கள் மகள் இரண்டாம் வகுப்புப் படித்தபோது, பள்ளிக்கூடத்தில் அவளுக்கு அறிவுத்திறன் சோதனை ஒன்று வைத்தார்கள். வகுப்பில் மெதுவாக எழுதுகிறாளாம். புள்ளி குறைந்தால், பின்தங்கிய பிள்ளைகளுக்கென்று வேறொரு பள்ளியில் நடக்கும் சிறப்பு வகுப்புக்கு மாற்றிவிடுவார்கள்.

பிறகு என்னையும் கணவரையும் கூப்பிட்டார்கள். சோதனை செய்த உளவியலாளர் சிரித்த முகமுள்ள பெண்மணி. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கடுமையாகப் பேசியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு கேள்வி கேட்டிருப்பேன். அவரோ குரலைத் தாழ்த்தி, மகளின் புள்ளி வயதுக்கு மிகவும் குறைவு, பொருள்களைத் தொடர்புபடுத்திப் பார்க்கத் தெரியவில்லை என்றார்.

கணவர் உதாரணம் ஒன்று கேட்டார். ஆப்பிளும் எலுமிச்சையும் எந்த விதத்தில் ஒன்று என்பது கேள்வியாம். இரண்டும் பழம் என்று சொல்லவேண்டும். எங்கள் மகளோ, "ரெண்டும் ஒன்றில்லை. ஆப்பிளைச் சாப்பிடலாம். எலுமிச்சையைக் காருக்குக் கீழே வைத்து நசிக்க வேண்டும்" என்று பிரெஞ்சில் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பூச்சியம். பொருத்தமில்லாத பேச்சு என்று குறிப்பு வேறு.

சோதனைக்கு முந்திய வெள்ளிக்கிழமைதான் நாங்கள் வாங்கிய பழைய காரைக் கோயிலுக்குக் கொண்டுபோயிருந்தோம். ஐயர் பூசை செய்து, காரின் ஒவ்வொரு சில்லுக்குக் கீழேயும் ஒரு தேசிக்காய், அதுதான் எலுமிச்சை, வைத்தார். அவற்றை அவர் கையில் எடுத்துக் கொடுத்தவளே இவள்தான். கார் நகர்ந்து அவை நசிந்தபோது கைதட்டிச் சிரித்தாள்.

எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் இதையெல்லாம் விளக்கினேன். அந்த அம்மா கவனமாகக் கேட்டுவிட்டு, சுவாரசியமான வழக்கம் என்றார். புள்ளியை மாற்ற முடியுமா என்றேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே விடைதான், அதுதான் நியாயம் என்றார். என்ன நியாயம்? கண்ணால் கண்டதை யோசித்து, இரண்டு பொருளுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்ன பிள்ளைக்குப் புத்தி குறைவு. அது விளங்காத பெரிய மனிதருக்குப் புத்தியை அளக்கும் உத்தியோகம்.

சிறப்பு வகுப்புக்கு நாங்கள் சம்மதிக்கவில்லை. அப்படியென்றால் அடுத்த வருடம் திரும்பச் சோதிப்போம் என்றார்கள். அன்றிலிருந்து கணவர் சாப்பாட்டு மேசையிலேயே பாடம் தொடங்கிவிட்டார்.

"இஞ்ச பார் பிள்ளை, ரெண்டு சாமானைச் சொல்லிக் கேட்டினம் எண்டால், ரெண்டும் என்ன வகை எண்டு மட்டும் சொல்லு. வேற கதை வேண்டாம்."

"அப்பா, நான் சொன்னது உண்மைதானே?"

"ஓம், உண்மைதான். அங்க சொல்லாதை."

எனக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் வேறு என்ன செய்திருக்கலாம்? பிள்ளையை அந்த வகுப்புக்கு அனுப்பவா?

இரண்டாவது சோதனையில் அவள் வயதுக்கேற்ற புள்ளி எடுத்தாள். அறிவுத்திறன் நன்றாகக் கூடியிருக்கிறது என்று அதே பெண்மணி எங்கள் கையைப் பிடித்து மகிழ்ந்தார். ஒரு மண்ணும் கூடவில்லை. என்ன சொன்னால் பெரியவர்கள் தலையாட்டுவார்கள் என்று பிள்ளை படித்துக்கொண்டாள், அவ்வளவுதான். சிறப்பு வகுப்புப் பேச்சு அதோடு நின்றது.

போன கிழமை என் தோழி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். மகளைப் பக்கத்தில் இருத்தி, "பிள்ளைக்கு எந்தப் பாடம் விருப்பம்?" என்று கேட்டாள்.

மகள் என் முகத்தைப் பார்த்தாள். "அம்மா, இதுக்கு நான் என்ன சொல்லவேணும்?"