தீவனத்தில் கலக்காத மருந்து

அவளுடைய கணவனை அக்கம்பக்கத்தில் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். வாய் ஓயாத மனிதன். கறிக்கோழிக் கொட்டகைக்குள் நுழைந்தால் குஞ்சுகளிடமே பேச்சுக் கொடுப்பான்.

"என்னம்மா, நல்லாத் தூங்கினீங்களா?"

"என்கிட்ட என்னைக்காவது இப்படிக் கேட்டிருக்கீங்களா?" என்பாள் அவள்.

"நீ குறட்டை விடுறதே பதில்தானே!"

தீவனம் கலப்பது அவள் வேலை. அதோடு ஆன்டிபயாடிக் பொடியும் சேரும். கோழிக்கு நோய் வந்து கொடுப்பதல்ல. வராமலிருக்கவும், சீக்கிரம் சதை பிடிக்கவும் போடுவது. பக்கத்துக் கொட்டகை வைத்திருந்த கொழுந்தனும் அப்படித்தான் செய்தான். யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை.

ஒரு மழைக்காலத்தில் தகரம் கிழித்து ரேடியோவின் காலில் காயம். துணியைச் சுற்றிக்கொண்டு வேலை பார்த்தான். கால் வீங்கி, காய்ச்சல் கொதித்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது விஷம் ரத்தத்தில் ஏறியிருந்தது. மாற்றி மாற்றி ஊசி போட்டார்கள். எதுவும் கேட்கவில்லை. தொண்டையில் குழாய் வைத்துவிட்டதால் அவனால் பேச முடியவில்லை. அவள் விரல்களை மட்டும் அழுத்திக்கொண்டே இருந்தான்.

"ஏன் டாக்டர் மருந்து கேட்க மாட்டேங்குது?"

"கிருமிக்கு மருந்து பழகிப்போச்சும்மா. கண்டபடி கொடுக்கக் கொடுக்க அது தப்பிக்கக் கத்துக்குது."

"நாங்க கோழிக்குப் போடுறோமே, அதாலயா?"

டாக்டர் தயங்கினார். "அதுவும் ஒரு காரணம்னு சொல்றாங்க. ஆனா இவருக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

மறுநாள் விடியுமுன் அவன் போய்விட்டான்.

புதுக் குஞ்சுகள் வந்து இறங்கின. அவள் மருந்துப் பையைப் பிரித்தாள். கை உள்ளே போக மறுத்தது. பையைக் கட்டி ஓரமாக வைத்துவிட்டுக் கால்நடை டாக்டரிடம் போனாள். குடலில் நல்ல கிருமிகளை வளர்க்கும் பொடி, கெட்டதை அடக்கும் அமிலம், பூண்டுச் சாறு என்று வேறு வழிகளை அவர் சொன்னார். "இதெல்லாம் மந்திரம் இல்லம்மா. கொட்டகை சுத்தமா, காய்ஞ்சு இருக்கணும். நெரிசல் கூடாது" என்றும் எச்சரித்தார்.

கொழுந்தன் தலையில் அடித்துக்கொண்டான். "அண்ணி, பூண்டு போட்டு வளர்க்க இது கோழியா, குழம்பா?"

அவள் பாட்டுக்குப் பூண்டை இடித்துக்கொண்டிருந்தாள்.

எச்சரிக்கையில் பாதிதான் அவள் காதில் ஏறியிருந்தது. நெரிசலைக் குறைக்கவில்லை. தரையில் பரப்பியிருந்த உமி ஈரத்தில் கட்டிதட்டியது. கழிச்சல் கண்டு கோழிகள் கொத்துக் கொத்தாகச் சரிந்தன. கால்நடை டாக்டர் வந்து பார்த்து, நோய் கண்டவற்றுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தே ஆக வேண்டும் என்றார்.

"அது வேண்டாம்னுதானே இவ்வளவு பாடு?" என்றாள் அவள்.

"நோய்க்கு மருந்து கொடுக்கிறது தப்பில்லம்மா. நோயே இல்லாம கொடுக்கிறதுதான் தப்பு."

கொடுத்தாள். பல பிழைத்தன. செத்தவற்றைக் குழியில் போட்டு மூடும்போது, அவன் செத்த அன்று வராத அழுகை அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து கதறினாள்.

அடுத்த முறை குஞ்சுகளைக் குறைத்து விட்டாள். உமியைக் கிளறிக் கிளறிக் காயவைத்தாள். கோழிகள் சற்று மெலிவாகத்தான் வளர்ந்தன, ஆனால் நோயில்லாமல் வளர்ந்தன. கூண்டுகளை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பியதும் கொழுந்தன் வந்து வாசலில் நின்றான். அவன் கொட்டகையில் இன்னமும் பழைய மருந்துதான்.

"அண்ணன் இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பான், அண்ணி?"

"முதல்ல என்னைப் பைத்தியம்னு திட்டியிருப்பார். அப்புறம் தானே வந்து பூண்டுச் சாற்றைக் கலக்கியிருப்பார்."

அவன் சிரிக்க முயன்று, முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் தண்ணீர்க் குழாயைத் திறந்து, வெறிச்சோடிய கொட்டகையைக் கழுவ ஆரம்பித்தாள். அவனும் ஒரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டான்.